ரிவர்ஸில் இறங்கிய பொன்னுவேல்

கரடியூர் பொன்னுவேலுக்கு இடது முட்டியைத் தின்றது கிளச் பெடல். இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார். முப்பத்தொரு வருஷம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டின கால் அது. நாளுக்கு நாலு நடை, நடைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. பழைய வண்டியில் கிளச்சை மிதிப்பது ஆட்டுக்கல்லைக் காலால் நகர்த்துகிற மாதிரி. ரிட்டயர்டு ஆன அன்றைக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவிலும் இடது காலைக் கொஞ்சம் மடக்கித்தான் நிற்கிறார்.

“இந்த மலைய என்னளவுக்கு ஏறுனவன் ஜில்லாவுலயே இல்ல. ஆனா பூராவும் உக்காந்துகிட்டே ஏறிட்டேன்” என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்தபின் கொஞ்ச நேரம் வடக்கே பார்த்துக்கொண்டிருப்பார்.

வடக்கே பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் உறவுமுறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொன்னுவேல் பிறந்தது மாரமங்கலம். பெண் எடுத்தது கரடியூர் சடையன் மகள் காளியாயியை; பிற்பாடு அங்கேயே குடியேறிவிட்டார். சடையனுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவள் காளியாயி, அவளுக்கு மூன்று வயது இளையவன் வெள்ளையன். சடையனும் பொன்னுவேலின் அம்மாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை. அந்த வகையில் கல்யாணத்துக்கு முன்னாலேயே வெள்ளையன் இவருக்கு மச்சினன். மாமா, மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஒரே எஸ்டேட் லாரியில் காப்பி மூட்டைமேல் உட்கார்ந்து போய், அதே லாரியில் ஓட்டப் பழகி, ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கினார்கள்.

இமயமலையில் எல்லையோரம் ரோடு போடுகிற இடத்துக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் எழுதிப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே தபாலில் ஆர்டர் வந்தது. அப்போது பொன்னுவேலுக்குக் கல்யாணம் ஆகி மூன்றே மாதம். அவர் அம்மா ஒரு வாய் சோறு தின்னாமல் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். “நீ வண்டி ஏறு, நான் இதுல எறங்கறேன்” என்றாள். காளியாயி அடுப்படியில் இருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. வெள்ளையன் மட்டும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கட்டினவளுக்காகத்தான் நின்றேன் என்று பொன்னுவேல் பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

போனவன் முதல் குளிர்காலத்திலேயே கடுதாசி எழுதினான். ‘மாமா, இங்கே சக்கரத்துக்கு இரும்புச் சங்கிலி சுற்றி வண்டி ஓட்டுகிறோம். பனிமேல் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தால் ஒரு சத்தமும் இருக்காது. நாம் மூச்சு விடுகிறது நமக்கே கேட்கும். கீழே இறங்கி மிதித்தால் உப்பு மூட்டையை மிதித்த மாதிரி இருக்கும்.’

அந்தக் கடுதாசியைப் பொன்னுவேல் எத்தனை தடவை படித்தார் என்று கணக்கில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, எதிரே வருகிற கார்க்காரனை வைது, பின்னால் வாந்தி எடுக்கிற பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டு ஓட்டுகிற மனுஷனுக்கு, மூச்சு கேட்கிற இடம் என்றால் எப்படி இருக்கும்? ஒரு தடவை அந்தப் பனியைக் காலால் மிதித்துவிட வேண்டும். அதுதான் ஆசை. வேலை இருந்தவரைக்கும் லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைத்தபோது மகள் தீபிகாவின் படிப்பு, அப்புறம் அவள் கல்யாணம். கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வெள்ளையன் வந்து நின்றதுதான் கடைசி. அதோடு பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அங்கேயே ஊக்கிமட் என்கிற ஊரில் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, போன வருஷம் அவனும் ரிட்டயர்டு ஆனான்.

ஆனதும் போன் போட்டான்.

“மாமா, இப்பவாவது வாங்க. எங்க ஊட்டுல இருந்து ஜீப்புல ஒன்றரை மணி நேரம். சோப்தான்னு ஒரு எடம். அங்க எறங்கி நாலு கிலோமீட்டர் நடந்தா துங்கநாத்துன்னு சிவன் கோயிலு. நொம்ப ஒசரம். நம்ம சேர்வராயன் மலையப் போல ரெண்டரை மலைய ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குனாப்புல. வைகாசியில வந்தா கோயிலுக்குக் கிட்டக்க நெழல் பக்கம் இன்னும் பனி கெடக்கும்.”

“நாலு கிலோமீட்டருமே ஏத்தமா மாப்ள?”

“ஏத்தந்தான். கல்லு பாவுன பாதைங்க மாமா. பொறுமையாப் போலாம்.”

பொன்னுவேல் அடுத்த வாரமே சேலத்தில் எலும்பு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “தேய்மானம் அதிகமா இருக்கு. படி ஏறாதீங்க, கீழ உக்காராதீங்க, எடையக் குறைங்க” என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். பொன்னுவேல் காதில் விழுந்தது ‘ஏறாதீங்க’ மட்டும்தான். முப்பத்தொரு வருஷம் ஏறினவனைப் பார்த்து ஏறாதே என்றால் ரோஷம் வராதா?

“ஏறிக் காட்டறேன்” என்று ஆண்டனி ராஜிடம் சொன்னார்.

ஆண்டனி ராஜ் அவரோடு பதினொரு வருஷம் ஒரே வண்டியில் இருந்த கண்டக்டர். ஏற்காடு டவுன்காரர். இருவரும் ரிட்டயர்டு ஆகியும் ஒருவரை ஒருவர் ‘டிரைவரே’, ‘கண்டக்டரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆண்டனி ராஜுக்கு வலது முட்டி. “வளைவுல ஜனம் பூரா ஒரு பக்கமாச் சாயும். சாயாம நின்னவன் நான் ஒருத்தன். அதான் இது போச்சு” என்பார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாரியப்பன் டீக்கடை இருக்கிறது. மாரியப்பன் சேலத்திலிருந்து வந்து கடை போட்டவன், வாய் அதிகம். இமயமலைத் திட்டமெல்லாம் அந்தக் கடை பெஞ்சில்தான் நடந்தது.

“ரெண்டு பேருக்கும் சேத்து நல்ல முட்டி எத்தனைங்க?” என்றான் மாரியப்பன்.

“ரெண்டு” என்றார் பொன்னுவேல்.

“அப்ப ஒருத்தருக்குத்தான் டிக்கெட் எடுக்கோணும்.”

“எதுத்த பக்கத்து முட்டிடா. என்னுது எடது, அவருது வலது. சேத்துக் கட்டுனா ஒரு முழு ஆளு” என்றார் ஆண்டனி ராஜ்.

மகள் தீபிகா சேலத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். அவள்தான் டெல்லிக்கு இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் போட்டாள். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து ஒன்பதாம் நாள் வண்டி. டிக்கெட் கைக்கு வந்த பிறகு பொன்னுவேல் நடையாக நடந்தார்.

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் பயிற்சி. காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் அடிவாரத்துக்கு இறங்குவார்கள். அங்கிருந்து பழைய ஒற்றையடிப் பாதையில் ஏற்காட்டுக்கு ஏறுவார்கள். முதல் நாள் ஐந்து மணி நேரம் பிடித்தது. மூன்றாம் மாதம் மூன்றரை மணி நேரத்தில் மாரியப்பன் கடை பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். முட்டி முனகியது, ஆனால் மறிக்கவில்லை. இப்போது அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவன் பிரவீன் என்கிற இளவட்டம். கண்ணாடியில் இவர்களைப் பார்த்துச் சிரிப்பான்.

“ஏனுங்க டிரைவரய்யா, நாங்க கீழ எறக்கி உட்டா நீங்க மேல நடந்து வர்றீங்க. வேண்டுதலுங்களா?”

“வேண்டுதல் இல்ல சாமி, ட்ரெய்னிங். நீ ரோட்டப் பாத்து ஓட்டு. மூணாவது கியர்லயா இந்த வளைவ எறங்குவ? ரெண்டுல போடு.”

வீட்டில் காளியாயியின் வைத்தியம். காலையில் முடக்கத்தான் தோசை, சாயங்காலம் நொச்சித்தழை ஒத்தடம். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அவள் ஒன்றொன்றாகக் கேட்பாள்.

“அங்க நொம்பக் குளுருங்களா?”

“பின்ன? ஐசுல்ல.”

“அவன் பொண்டாட்டி நம்ம ராகி திம்பாளா?”

“எனக்கென்ன தெரியும்.”

“டில்லிக்கு எத்தன நாளுங்க?”

“ரெண்டு ராத்திரி.”

“பொம்பளைங்களும் போவாங்களாட்ட இருக்குது, அந்தக் கோயிலுக்கு.”

“போவாங்க, போவாங்க. அழுத்திப் புடி, அங்கதான், ஆங்.”

அவள் தம்பிக்கென்று மூட்டை கட்ட ஆரம்பித்தாள். காப்பித்தூள், மிளகு, ராகி மாவு, பலாக்கொட்டை. பொன்னுவேல் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நான் மலை ஏறப்போறனா, சந்தைக்குப் போறனா?” என்று பாதியை எடுத்து வெளியே வைத்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் பலாக்கொட்டையைத் திரும்பவும் பானையில் கொட்டினாள். அவளுக்குப் பேசாமல் இருப்பது நன்றாகப் பழகியிருந்தது. அவருக்கு அவள் பேசாததைக் கேட்கப் பழக்கமில்லை.

திருவிழா வந்தது.

சடையன் வகையறாவில் ஒரு வழக்கம். கட்டிக்கொடுத்த பெண், திருவிழா அன்றைக்குத் தேங்காயோடு சேர்வராயன் கோயில் குகை வாசலில் நிற்பாள். உடன்பிறந்தவன் வந்து அதை வாங்கி உடைப்பான். உடைத்தபின் அவன் முன்னால் குனிந்து உள்ளே போவான், அவள் பின்னால் போவாள். உடன்பிறந்தவன் ஊரில் இல்லையென்றால் பங்காளி யாராவது உடைப்பார்கள். காளியாயிக்குப் பங்காளிதான் உடைத்துக்கொண்டிருந்தான். அவள் விடிவதற்கு முன்பே ஊர்ப் பெண்களோடு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பொன்னுவேலும் ஆண்டனி ராஜும் அன்றைக்குக் கடைசிப் பரீட்சை என்று வைத்துக்கொண்டார்கள். புதிதாக வாங்கின ஷூ, முட்டிக்கு உறை, முதுகில் பை. கரடியூரிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குள்ளே போகிற குறுக்குப் பாதையில் சேர்வராயன் உச்சிக்கு ஏறிப் போய், திரும்ப பஸ்ஸில் வருவது என்று ஏற்பாடு. இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட்டார்கள். உச்சி மைதானத்தில் மேளம், பலூன், பொரிக்கடை, ஜனம். ஆண்டனி ராஜ் பொன்னுவேலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பாஸு, டிரைவரே. டிஸ்டிங்ஷன்.”

பொன்னுவேல் ஷூவைக் கழற்றிவிட்டுக் குகைக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். மனசு நிறைந்துபோய் இருந்தது. பஸ்ஸைத் தேடிப் போனால், அடிக்கு அடி கார். சேலத்துக் காரெல்லாம் ஒன்றன் பின்னால் ஒன்றாகச் சொருகிக்கொண்டு ரோடே அடைத்துக் கிடந்தது. பஸ் எதுவும் சாயங்காலம் வரைக்கும் நகராது என்று சொல்லிவிட்டார்கள்.

“எறங்கிரலாம். ஏறுனதுக்கு எறங்கறது ஒரு வேலையா?” என்றார் ஆண்டனி ராஜ்.

இறங்கினார்கள். ஐம்பது அடி போயிருக்கும். பொன்னுவேலின் இடது முட்டிக்குள் சரளைக்கல் புரண்டது மாதிரி இருந்தது. அடுத்த எட்டு வைத்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தொடை தந்தி மாதிரி அதிர்ந்தது. பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். நெற்றியில் வேர்வை.

“என்னாச்சு டிரைவரே?”

“தாங்கல.”

“சித்த நில்லுங்க. மறுக்கா வைங்க.”

மறுபடியும் வைத்தார். “ஐயோ” என்று மரத்துக்கே திரும்பினார். ஆண்டனி ராஜ் அவரைப் பார்த்தார், மேலே போகிற பாதையைப் பார்த்தார், கீழே போகிற பாதையைப் பார்த்தார்.

“டிரைவரே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த மூணு மாசத்துல நாம ஒரு நாளாவது நடந்து எறங்குனமா?”

இறங்கினது அத்தனையும் பிரவீன் ஓட்டின பஸ்ஸில். ஏறினது மட்டும் கால். புதுசாக வருகிற டிரைவர்களை முன் சீட்டில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தவர் அவர். மலையில் வண்டி நல்ல வண்டியா என்று ஏத்தத்தில் பார்க்காதே, இறக்கத்தில் பார். ஏத்தத்தில் நின்றுபோனால் கல்லை வைக்கலாம், இறக்கத்தில் நிற்காவிட்டால் மாலை வைக்க வேண்டியதுதான் என்று முப்பத்தொரு வருஷம் சொன்ன வாய். தன் வண்டியை ஒரு தடவை இறக்கத்தில் விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

உட்கார்ந்து நகர்ந்து பார்த்தார். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். கடைசியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்க்கத் திரும்பி, முதுகுப்பக்கமாக ஒரு எட்டு வைத்தார். வலிக்கவில்லை. இன்னொன்று வைத்தார். வலிக்கவில்லை.

“கண்டக்டரே, பின்னால வாங்க.”

“எதுக்கு?”

“ரிவர்ஸ் எடுக்கறேன். வழி சொல்லுங்க.”

ஆண்டனி ராஜ் வலது காலை நொண்டிக்கொண்டு போய்க் கீழே நின்றுகொண்டார். பழைய குரல் தானாக வந்தது. “வரலாம்... வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடிங்க. கல்லு இருக்குது. ஓல்டேன்! இப்ப வாங்க. வரலாம்... வரலாம்...”

அது திருவிழா நாள். பாதையில் ஜனம் மேலே வந்துகொண்டே இருந்தது. ஒரு பெரிய மனுஷன் முதுகைக் காட்டிக்கொண்டு கீழே வருவதைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். மாரமங்கலத்துக்காரி ஒருத்தி கேட்டாள். “ஏனுங்க, சாமிக்கு முதுகு காட்ட மாட்டேன்னு வேண்டுதலுங்களா?”

“ஆமாங்க, நொம்பப் பெரிய வேண்டுதல். வழி உடுங்க, வழி உடுங்க” என்றார் ஆண்டனி ராஜ்.

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பொன்னுவேலைப் பார்த்துக் கும்பிட்டாள். பின்னால் வந்தவர்களும் கும்பிட்டார்கள். பொன்னுவேலுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பின்னால் நடக்கிறவனுக்கு முகம் மேட்டைப் பார்த்துத்தானே இருக்கும். உச்சி கொஞ்சம் கொஞ்சமாக உயரே போவதைப் பார்த்துக்கொண்டே அவர் இறங்கினார். இன்றைக்குக் காலையில்தான் அங்கே நின்றார். ரெண்டரை மடங்கு உயரத்தில் இன்னொரு உச்சி இருக்கிறது. அதுவும் இப்படித்தான் விலகிப் போகிறது என்று தோன்றியது.

அப்போதுதான் காளியாயி மேலேயிருந்து வந்தாள். கூட நாலைந்து பெண்கள். வெறுங்கால், இடுப்பில் கூடை. வீட்டு வாசற்படியில் இறங்குகிற மாதிரி கல்லுக்குக் கல் தாவி வந்தவள் அவரைப் பார்த்ததும் நின்றாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “நீங்க முன்னால போங்க” என்று அவர்களை அனுப்பிவிட்டு, அவருக்கு எதிரே, மேட்டுப்பக்கம் வந்து நின்றாள்.

“ஏனுங்க இது?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா பின்னால நடக்கறீங்க?”

“எறங்க முடியல காளியாயி. ஏற முடியுது. எறங்க முடியல.”

அவர் பின்னால் ஒரு எட்டு வைக்க, அவள் முன்னால் ஒரு எட்டு வைத்தாள். இப்படி முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு அவர்கள் நடந்து எத்தனையோ காலம் ஆயிற்று. கீழே ஆண்டனி ராஜ், “வரலாம்... வரலாம்...” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“தேங்கா யாரு ஒடச்சாங்கன்னு கேக்கலியே நீங்க” என்றாள் காளியாயி.

“யாரு?”

“சித்தப்பன் மவன். காலங்காத்தாலயே குடிச்சுட்டு வந்துருந்தான். கோணலா ஒடஞ்சுது. பன்னெண்டு வருசமா இப்படியே ஆவுது.”

“அதான் நான் போய் அவனப் பாத்துட்டு வர்றேன்ல.”

“நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி ஆயிருமுங்களா?”

பொன்னுவேல் நின்றார். கீழேயிருந்து ஆண்டனி ராஜ், “வரலாம்” என்றார். பொன்னுவேல் வரவில்லை.

“டிக்கெட் போட்டீங்க, ஷூ வாங்குனீங்க, மூணு மாசமா ஒத்தடம் குடுக்கறேன். நீ வர்றியான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? அவன் என்ற கூடப் பொறந்தவன். மொதல்ல எனக்குத் தம்பி, அப்பறந்தான் உங்களுக்கு மாப்ள.”

“நீ சொல்லியிருக்கலாமில்ல.”

“எப்பத்தான் சொல்லியிருக்கேன்? அன்னிக்கு ஆர்டர் வந்தப்பவும் நான் ஒண்ணும் சொல்லல. உங்கம்மா கெணத்து மேட்டுல உக்காந்தாங்க. நான் அடுப்படியில இருந்தேன். எனக்காகத்தான் நிக்கறேன்னு நாப்பது வருசமா எல்லாருத்துகிட்டயும் சொல்றீங்க. நானா நிறுத்துனேன்? போலாமான்னு கேட்டிருந்தா பொட்டியத் தூக்கிட்டு உங்களுக்கு முன்னால வந்துருப்பேன்.”

பொன்னுவேல் அவளுடைய கால்களைப் பார்த்தார். புழுதி படிந்த விரல்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றன. அறுபத்து நாலு வயதுக் கால். தினமும் காப்பித் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்குகிற கால். அதற்கு ஏத்தமும் இறக்கமும் ஒன்றுதான்.

“உனக்கு முட்டி வலிக்காதா?” என்று கேட்டார். அதை இவ்வளவு நாள் கேட்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

“வலிக்காதுங்க. நீங்க நடங்க. அவுரு கத்திக்கிட்டே இருக்காரு.”

அரை மைல் அப்படி இறங்கினார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எஸ்டேட் ரோடு வந்ததும் பலாப்பழம் ஏற்றிப்போன ஜீப்பில் பொன்னுவேலைப் பழத்தோடு பழமாக ஏற்றினார்கள்.

மறுநாள் காலை ஆண்டனி ராஜ் கரடியூருக்கே வந்துவிட்டார். மூன்று பேரும் உட்கார்ந்து, போனை நடுவில் வைத்து வெள்ளையனைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் வெள்ளையன் சிரித்தான்.

“இதுக்கா மாமா கவலப்படறீங்க? இங்க கோவேறு கழுத கெடைக்குது. மேல ஏறி, அதுமேலயே எறங்கிரலாம்.”

“பிரேக் இல்லாத வண்டி. டிரைவர் ஒத்துக்க மாட்டார்” என்றார் ஆண்டனி ராஜ்.

“காலால மிதிக்கோணும்னுதான மாப்ள ஆச. கழுத மிதிச்சா புண்ணியம் கழுதைக்குத்தான்” என்றார் பொன்னுவேல். முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நேத்து ரிவர்ஸ்ல அர மைல் வந்தேன். அதுக்கு மேல முடியாது. எம்புட்டு தூரம் எறங்க முடியுமோ அம்புட்டு தூரந்தான் ஏறோணும். அங்க அர மைல்ல என்ன இருக்குது?”

வெள்ளையன் யோசித்தான். “அர மைல்லயா... ஒரு மேடு. நல்ல புல்லு. ஒரு டீக்கட போட்டிருப்பாங்க.”

“கோயில் தெரியுமா?”

“தெரியாதுங்க மாமா. நடுவுல மலை மறைச்சுக்கும்.”

“பனி?”

“தூரத்துல பெரிய மலை தெரியும். மேகம் இல்லாட்டி பளபளன்னு இருக்கும். சௌகம்பான்னு பேரு.”

“தூரத்துல இருக்கறத உடு. காலுக்குக் கிட்டக்க?”

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஆண்டனி ராஜ் எட்டிப் பார்த்தார்.

“காலுக்குக் கிட்டக்க இருக்காதுங்க மாமா. அது மேல போனாத்தான்” என்றான் வெள்ளையன்.

“சரி” என்றார் பொன்னுவேல். அப்புறம், “மேல உங்கக்காவக் கூட்டிட்டுப் போ. அவ நிக்காம ஏறுவா. நானும் கண்டக்டரும் டீக்கடையில உக்காந்திருக்கோம்” என்றார்.

“அக்காவா? அக்கா வருதா?” என்றான் வெள்ளையன். காளியாயி போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். அவள் என்ன பேசினாள் என்று இவர்களுக்குக் கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை, “ராகி திம்பாளாடா அவ?” என்றது மட்டும் கேட்டது.

திரும்பி வந்தவளிடம் பொன்னுவேல், “அங்க போனதும் ஒரு கைப்பிடி அள்ளிட்டு வா, எனக்கு” என்றார்.

“வர்றதுக்குள்ள தண்ணியாயிருமுங்க.”

“தண்ணியா இருந்தா என்ன? கொண்டா.”

தீபிகாவுக்குப் போன் போட்டு, அம்மா பேரையும் சேர்க்கச் சொன்னார்கள். “அம்மாவா? அம்மா ரயில்ல ஏறுனதே இல்லையேப்பா!” என்று அவள் கத்தினாள். “அதுக்குத்தான் கண்ணு போடச் சொல்றேன்” என்றார். சீட் வெயிட்டிங் லிஸ்ட்டில் வந்து, ஆறாம் நாள் உறுதியானது.

மிச்சமிருந்த நாட்களில் பயிற்சியை மாற்றிக்கொண்டார்கள். காளியாயியும் வந்தாள். அவளுக்கென்று வாங்கின ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். சேர்வராயன் பாதையில் அரை மைல் ஏறியதும் ஒரு பாறை. பொன்னுவேலுக்கு எல்லை அது. ஆண்டனி ராஜ் அங்கே பையை இறக்கிவைத்து உட்கார்ந்துவிடுவார். பொன்னுவேல் உட்கார மாட்டார். காளியாயி மேலே ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முதலில் அவள் முதுகு தெரியும், அப்புறம் தலை, அப்புறம் காப்பிச் செடிகள் அசைகிறது மட்டும். அதுவும் நின்றுவிடும்.

கடைசி நாள் அவள் மறைந்ததும் அவர் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

“காளியாயீ! மேல என்ன தெரியுது?”

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. “ஒண்ணுமில்லீங்க. எப்பவும் போலத்தான்.”

“அப்படிச் சொன்னாப் பத்தாது. அங்க போயும் இப்படித்தான் சொல்லுவியா? நின்னு, பாத்துச் சொல்லு.”

“தெரிஞ்ச பாதைதான டிரைவரே, நாம பாக்காததா?” என்றார் ஆண்டனி ராஜ். பொன்னுவேல் கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

மேலேயிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை மெதுவாக, ஒன்றொன்றாக.

“பாறமேல வெயில் உழுந்துருக்குதுங்க. பாறை ஈரமா இருக்குது. ஓரத்துல சின்னதா ஊதாப் பூ... அதுக்கு அக்கட்டால வெறும் மேகந்தான். மேகம் நகருது.”

“நகந்தா என்ன தெரியுது?”

“இருங்க, பாக்கறேன்.”

பொன்னுவேல் பாறையைப் பிடித்துக்கொண்டு, காதை மேட்டுப்பக்கம் கொடுத்துக்கொண்டு நின்றார்.